நீட்சிகளுக்கு வரம்பு வேண்டும்

நோயாளியின் பதிவு ஒரு மருத்துவமனையின் கணினியிலிருந்து மற்றொன்றுக்குப் பொருள் மாறாமல் சென்று சேர வேண்டும் என்பதற்காக எச்.எல்.7 அமைப்பு உருவாக்கிய ‘ஃபயர்’ தரநிலையின் நான்காம் பதிப்பையே இந்தியாவின் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் அடித்தளமாகக் கொண்டுள்ளது. பெரும்பாலான மென்பொருள்களுக்குப் பொதுவான தகவல் புலங்களை மட்டும் மையத்தில் வைத்து, எஞ்சியவற்றை அந்தந்த நாடும் நிறுவனமும் ‘நீட்சி’ எனப்படும் கூடுதல் புலங்களாகச் சேர்த்துக்கொள்ள அத்தரநிலை இடமளிக்கிறது. இந்தச் சுதந்திரம் தேவையானதே. ஆனால் நீட்சிக்குள் நீட்சியை அடுக்கும் வழக்கத்துக்குக் கண்டிப்பான வரம்பு வகுக்கப்பட வேண்டும்.

ஒவ்வொரு நீட்சியும் தன் வரையறையைச் சுட்டும் இணைய முகவரி ஒன்றைத் தாங்கியிருக்கும். அதனுள் ஒரு மதிப்போ உள்நீட்சிகளோ இருக்கலாமே தவிர, இரண்டும் சேர்ந்து இருக்க முடியாது. எச்.எல்.7 வெளியிட்டுள்ள குடியுரிமை நீட்சி இவ்வமைப்பு முறையாகப் பயன்படுவதற்கு நல்ல சான்று. அதில் நாட்டின் குறியீடும் குடியுரிமை நீடித்த காலமும் இரு உள்நீட்சிகளாக ஒரே உறைக்குள் நிற்கின்றன. ஒருவர் வெவ்வேறு காலங்களில் இரு நாடுகளின் குடிமகனாக இருந்திருந்தால், இவற்றைத் தனித்தனி நீட்சிகளாகப் பிரித்த கணமே எந்தக் காலம் எந்த நாட்டுக்குரியது என்பது தெரியாமல் போய்விடும். பிரித்தால் பொருள் சிதையும் தகவல்களுக்கு மட்டுமே அடுக்கு தேவை என்பதே இதிலிருந்து பெறப்படும் அளவுகோல்.

இவ்வளவுகோலை மீறி, மருந்து ஒவ்வாமைக்குத் தரநிலையிலேயே தனி ஆவணவகை இருக்க, அதை நோயாளி விவரத்தின் உள்நீட்சி ஒன்றில் புதைத்து அனுப்புவது ஆபத்தானது. ஏனெனில் தனக்குத் தெரியாத சாதாரண நீட்சியைப் பெறுநர் மென்பொருள் புறக்கணிக்கத் தரநிலை அனுமதிக்கிறது. ‘இம்மருந்து கொடுக்கப்படவில்லை’ என்பதுபோல் பொருளையே தலைகீழாக்கும் தகவல்களுக்காக, புரியாவிட்டால் அப்பதிவைப் பயன்படுத்தவே கூடாது என்று கட்டாயப்படுத்தும் ‘பொருள்மாற்றும் நீட்சி’ தனியே உண்டு. நீட்சி ஒன்றின் உட்புறத்தில் அதற்கு இடமே கிடையாது என்பதால், அத்தகைய மறுப்பை உள்ளடுக்கில் வைப்பவர் பாதுகாப்பு ஏற்பாட்டையே செயலற்றதாக்குகிறார்.

ஃபயருக்கு முன் எச்.எல்.7 அமைப்பு உருவாக்கிய ‘இரண்டாம் பதிப்பு’ என்ற வேறொரு தரநிலையில், ‘இசட்’ எழுத்தில் தொடங்கும் தனிப் பகுதிகளை மருத்துவமனைகள் தம் விருப்பம்போல் சேர்த்தன. அவற்றின் பொருளை அறிய ஒவ்வொரு இணைப்புக்கும் தனி உடன்பாடு தேவைப்பட்டது. வரையறை வெளியிடப்படாத உள்ளடுக்குகள் அதே நிலைக்கே நம்மைத் திருப்பிவிடும். பெரிய மருத்துவமனைகள் அதற்காகும் செலவைத் தாங்கக்கூடும், வட்டார அளவிலான சிறு மருத்துவமனைகளால் தாங்க இயலாது.

இந்திய இயக்கத்துக்கான ஃபயர் வழிகாட்டியை வெளியிடும் தேசிய மின்னணு நலப்பதிவுத் தரநிலைகள் வள மையம் இதில் முன்கை எடுக்க வேண்டும். ஏற்கெனவே வெளியான நீட்சிகளில் பொருத்தமானது இல்லை என்று காட்டிய பின்னரே புதியது ஏற்கப்பட வேண்டும். அதன் வரையறை, அடுக்குக்கான காரணத்துடன், எவரும் படிக்கும்படி பொதுப் பதிவேட்டில் இடம்பெற வேண்டும். அப்பதிவேட்டில் இல்லாத நீட்சியை அனுப்பும் மென்பொருளுக்குத் தேசிய வலையமைப்பில் இணையும் ஒப்புதலை வழங்கக் கூடாது.