கையெழுத்துக்கு முன்

வேலை போனால் போகட்டும், அடுத்ததைப் பார், வழக்கு என்று இறங்கினால் வயசுதான் போகும் என்கிறார் நண்பர். தொழிலாளர் வழக்கு இழுக்கும், உண்மைதான். ஆனால் போராடுவதையும் வேறு வேலை தேடுவதையும் எதிரெதிரே நிறுத்தியது யார்?

எனக்கு நடந்தது இது. கண்ணாடி அறை. என் பெயரில் அவர்களே அடித்துவைத்த ராஜினாமாக் கடிதம், அதன்மேல் மூடி கழற்றிய பேனா. “போட்டீங்கன்னா ரிலீவிங் லெட்டர் இன்னைக்கே.” போட்டேன். என்னை வெளியேற்றியது அந்த நொடியில் என் சொந்த விருப்பமாகிவிட்டது.

கையெழுத்துப் போடாதிருந்தால் கேட்டிருக்கக்கூடியது இது: ஓராண்டு தொடர்ந்து உழைத்த தொழிலாளியை ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத நோட்டீஸும் வருடத்துக்கு 15 நாள் சம்பளமும் தரவேண்டும். நிர்வாகப் பதவியில் இருப்பவருக்கு இது பொருந்தாது; ஆனால் ‘மேனேஜர்’ என்ற பெயரை அல்ல, செய்த வேலையைத்தான் நீதிமன்றம் பார்க்கும். முதலில் சமரச அதிகாரியிடம் ஒரு மனு. 45 நாளில் தீராவிட்டால் நேரே வழக்குத் தொடரலாம். இடையில் வேறு வேலையில் சேர்ந்தால் வேலையிழந்த காலத்துக்கான பின்சம்பளம் குறையலாம், வழக்கு செத்துவிடாது.

விலகிப் போகச் சொல்லுங்கள் நண்பரே, தவறில்லை. அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதே என்றும் ஒரு வரி சொல்லியிருக்கலாமே.