பரிசு விழாக்களும் சுயேச்சைத் தொழிலாளரும்

இன்று நம் ஊர்களில் வீடியோ கேம் ஆடாத பிள்ளைகளைக் காண்பது அருமையாகி விட்டது. பஸ்ஸிலும், டீக்கடை வாசலிலும், வீட்டுத் திண்ணையிலும் செல்போனைக் குனிந்து பார்த்தபடியே இருக்கின்றார்கள். இதைக் கண்டு, “பிள்ளைகள் கெட்டார்கள்” என்று கூப்பாடு போடுகின்றவர்கள் ஏராளமாக இருக்கின்றார்களே ஒழிய, அந்த விளையாட்டுகளைச் செய்கின்றவர்கள் யார், அவர்கள் உழைப்புக்கு மதிப்புப் போடுகின்றவர்கள் யார் என்று கேட்கின்றவர்களைக் காணோம். அதைப் பற்றியே இன்று சிறிது எழுத விரும்புகின்றோம்.

இத்தொழிலில் இரண்டு வகையார் உண்டு. ஒரு வகையார், நூற்றுக்கணக்கான ஆட்களைச் சம்பளத்துக்கு வைத்து, விளம்பரத்துக்கே கோடிக்கணக்கில் கொட்டும் பெரிய கம்பெனிக்காரர்கள். மற்றொரு வகையார், ஒருவராகவோ, இருவராகவோ, நாலைந்து பேராகவோ சேர்ந்து, கைக்காசையும் இராத் தூக்கத்தையும் செலவழித்து, தங்கள் மனதிற்குப் பட்டதைச் செய்கின்ற சுயேச்சைத் தயாரிப்பாளர்கள். முன்னெல்லாம் பெரிய கம்பெனிகளின் தயவு இல்லாமல் இவர்கள் சரக்குக்குக் கடையில் இடம் கிடைப்பது துர்லபம். இந்நிலையில்தான் 1998ல் அமெரிக்காவில் இண்டிபெண்டன்ட் கேம்ஸ் ஃபெஸ்டிவல் என்னும் சுயேச்சை விளையாட்டு விழா ஏற்படுத்தப்பட்டது. சினிமாக்காரர்களுக்கு சன்டான்ஸ் விழா எப்படியோ, அப்படியே விளையாட்டுக்காரர்களுக்கும் ஒன்று வேண்டும் என்பது இதன் நோக்கம். முதற் பரிசுகள் 1999ல் கொடுக்கப்பட்டன. தொழிலிலுள்ளவர்கள் கூடும் பெரிய மகாநாட்டோடு சேர்ந்து இது நடந்து வருகின்றது.

இவ்விழாவின் பெரும் பரிசுக்கு இடப்பட்டிருக்கும் பெயரை வாசகர்கள் கவனிக்க வேண்டும். பரிசு என்றால் பணம் கொடுத்த பிரபுவின் பெயரையோ, பட்டம் பெற்ற கனவானின் பெயரையோ சூட்டுவதுதான் உலக வழக்கம். இங்கோ ஷேமஸ் மெக்னாலி என்னும் ஒரு வாலிபத் தொழிலாளியின் பெயர் இருக்கின்றது. கனடா தேசத்து டொராண்டோ நகரில், தம் குடும்பத்தாருடன் சேர்ந்து நடத்திய சிறு ஸ்தாபனத்தில் இவர் புரோகிராம் எழுதினார். டாங்கி வண்டிகள் பந்தயம் ஓடும் “டிரெட் மார்க்ஸ்” என்ற இவர்களது விளையாட்டு 2000ம் வருஷத்தில் பெரும் பரிசு பெற்றது. அதே மார்ச்சு மாதத்திலேயே புற்றுநோயால் மாண்டார். வயது 21. அவர் பெயரே பரிசுக்கு நிலைத்தது. இது மெய்யாகவே பாராட்டத்தக்க காரியம்.

பரிசு பெற்றவைகளும் வெறும் சுடுகின்ற, ஓடுகின்ற ஆட்டங்கள் அல்ல. 2014ல் பெரும் பரிசு பெற்ற “பேப்பர்ஸ், ப்ளீஸ்” என்பதை லூகாஸ் போப் என்பவர் அநேகமாய்த் தனி ஆளாகவே செய்தார். அதில் ஆடுகின்றவர் எல்லைச் சாவடியில் பாஸ்போர்ட்டுக்கு முத்திரை குத்தும் குமாஸ்தா. வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமானால் சட்டப்படி நடக்க வேண்டும். சட்டப்படி நடந்தாலோ புருஷன் ஒரு பக்கம், பெண்சாதி ஒரு பக்கம் நிற்க நேரும். அதிகாரத்தின் கீழ் மனிதத்தன்மை படும் பாட்டை ஒரு விளையாட்டிலே காட்டினார். லாபம் ஒன்றையே பார்க்கின்ற எந்த முதலாளி இதற்குப் பணம் போட முன்வருவான்? ஆகவே, இப்படிப்பட்ட விழாக்களே வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை.

நிற்க, பரிசு என்பதையே வேதவாக்காகக் கொண்டு மண்டியிடுவதைத்தான் ஆட்சேபிக்கின்றோம். பரிசைக் கொடுக்கின்றவர்களும் நம்மைப்போல் மனிதர்களே. 2012ல் இவ்விழாவுக்கு ஒரு விளையாட்டை அனுப்பக் கட்டணம் 95 டாலர். அவ்வருஷம் கட்டணம் கட்டிய ஒரு சிறு குழுவினர், தங்கள் விளையாட்டை நடுவர்களில் சிலர் திறந்துகூடப் பார்க்கவில்லை என்று தாங்கள் எடுத்த கணக்கையே பகிரங்கமாக வெளியிட்டனர். விழாக்காரர்கள் சமாதானம் சொன்னார்கள். என்றாலும், ஏழைத் தொழிலாளியிடம் பணம் வாங்கினால் அவன் வேலையைப் பார்க்க வேண்டிய கடன் உண்டா, இல்லையா என்ற கேள்வி நிற்கத்தானே செய்கின்றது?

அன்றியும், “சுயேச்சை” என்ற பெயரும் இப்போது நல்ல விலை போகின்றதனால், பணக்காரர்களும் அதைச் சூடிக்கொள்ள இடமேற்பட்டு விட்டது. 2023ல் “தி கேம் அவார்ட்ஸ்” என்னும் பெரிய விழாவில், சிறந்த சுயேச்சை விளையாட்டுக்குப் போட்டியிட்டவைகளில் “டேவ் தி டைவர்” என்பதும் ஒன்று. அதைச் செய்தவர்களோ கொரியாவின் பெரிய கம்பெனியாகிய நெக்சானின் ஒரு பிரிவினர். விளையாட்டு நன்றாகவே இருக்கலாம். ஆனால், மிராசுதார் வீட்டுக் காளையைக் குடியானவன் காளைகளோடு பந்தயத்தில் விட்டு, இரண்டும் ஒன்றே என்றால் யார் ஒப்புவார்கள்?

இனி, மானத்துக்கு ஓர் உதாரணம் சொல்லுகின்றோம். 1995ல், சன்டான்ஸ் விழாவில் தள்ளப்பட்ட சில சினிமாக்காரர்கள் அதே ஊரில் ஸ்லாம்டான்ஸ் என்று போட்டி விழா ஒன்று ஆரம்பித்தார்கள். பிற்பாடு அதில் விளையாட்டுகளுக்கும் போட்டி வைத்தார்கள். 2007ல் இறுதிச் சுற்றுக்கு எடுக்கப்பட்டவைகளில், கொலம்பைன் பள்ளிக்கூடத்தில் 1999ல் நடந்த படுகொலையைப் பொருளாகக் கொண்ட ஒரு விளையாட்டும் இருந்தது. நடுவர்கள் எடுத்துக்கொண்ட அதை விழாத் தலைவர் தம் அதிகாரத்தினால் நீக்கிவிட்டார். உடனே என்ன நடந்தது? மற்றப் போட்டியாளர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் தங்கள் விளையாட்டுகளைத் தாங்களே வாபஸ் வாங்கிக் கொண்டார்கள். அவர்களில் “பிரெய்ட்” என்பதைச் செய்த ஜோனதன் ப்ளோவும் ஒருவர். ஆதரவு கொடுத்துவந்த தென் கலிபோர்னியா சர்வகலாசாலைப் பிரிவும் விலகிக்கொண்டது.

அந்தக் கொலை விளையாட்டு நல்லதா, கெட்டதா என்பது வேறு சங்கதி. போட்டிக்காரன் ஒருவன் ஒழிந்தால் தனக்கு லாபம் என்று எண்ணாமல், இன்று அவனுக்குச் செய்த அநீதி நாளை நமக்கும் வரும் என்று உணர்ந்து, கைக்கெட்டிய பரிசையே விட்டெறிந்தார்களே, அதுவே நாம் பார்க்க வேண்டியது. “பிரெய்ட்” 2008ல் வெளிவந்து உலகமெங்கும் பேர் பெற்றது. அந்தப் பரிசு இல்லாததால் அதற்கு என்ன குறைந்து போயிற்று?

கடைசியாக நம்மவர் சங்கதி ஒன்று. 2024ல் ஷேமஸ் மெக்னாலி பெரும் பரிசைப் பெற்றது “வெண்பா” என்னும் விளையாட்டு. அவர் வாழ்ந்த அதே டொராண்டோ நகரத்து விசை கேம்ஸ் என்ற சிறு குழுவினர் செய்தது. அதே வருஷத்தில் பிரிட்டனின் பாஃப்டா ஸ்தாபனமும் முதல் படைப்புக்கான பரிசை அதற்கே அளித்தது. கனடாவுக்குக் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. தாய், தன் தாயார் தந்த, கிழிந்தும் அழிந்தும் போன சமையல் குறிப்பை வைத்துக்கொண்டு இட்லியும் புட்டும் செய்கின்றாள்; விடுபட்டதை ஆடுகின்றவர்கள் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். மகனோ வீட்டுப் பேச்சுக்கும் வெளியூர்ப் பேச்சுக்கும் நடுவில் தவிக்கின்றான்.

பரிசு வந்ததும் “ஆஹா, தமிழன்!” என்று நம்மில் பலர் மார்தட்டினோம். நல்லது. ஆனால் கேட்கின்றோம்: அதற்கு முன் அந்த இட்லித் தட்டிலும், அதை அடுக்கும் பெண்ணின் பாட்டிலும் ஒரு கதை இருக்கின்றதென்று நம்மில் எத்தனை பேர் மதித்தோம்? சான்பிரான்சிஸ்கோவிலும் லண்டனிலும் முத்திரை குத்திக் கொடுத்தால்தான் நம் வீட்டுச் சரக்கு நமக்கே சரக்காகத் தோன்றும் என்றால், அது பெருமையா, சிறுமையா?

ஆகவே நமது அபிப்பிராயம் இது. விழாக்கள் நடக்கட்டும். நடுவர்கள் இன்னார் என்பதும், எதை வைத்துத் தீர்மானித்தார்கள் என்பதும் பகிரங்கமாக இருக்கட்டும். காசில்லாதவனுக்குக் கட்டணம் வேண்டாம். வாங்கிய வேலையை முழுக்க ஆடிப் பார்த்தே மார்க்குப் போடட்டும். நம் ஊர் வாலிபர்களோ பரிசு வந்தால் வாங்கிக்கொள்ளட்டும், வராவிட்டால் வேலையைப் பார்க்கட்டும். அவர்களைப் பெற்றவர்களும் அண்டை அயலாரும், அடுத்த முறை பிள்ளை கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கக் கண்டால், திட்டுவதற்கு முன், “நீ என்ன செய்கின்றாய், காட்டு” என்று ஒரு வார்த்தை கேட்கட்டும். வெளிநாட்டுப் பரிசு வருவதற்கு முன்பே நம்மால் கொடுக்கக்கூடிய பரிசு அது ஒன்றுதான். அதற்குக் கட்டணமும் கிடையாது.