போய் வருகிறேன் என்றால் போதுமா?

வாசலில் செருப்பை மாட்டுகிறவனைப் பார்த்து, "எங்கே போகிறாய்?" என்று கேட்கக் கூடாது, கேட்டால் போகிற காரியம் விளங்காது. இது நம் வீட்டுப் பாட்டிமார்கள் விதித்த சட்டம். கேட்டே தீரவேண்டுமென்றால், "தூரமா?" என்று சுற்றி வளைத்துக் கேட்பார்கள். தரையில் போகிறவர்களுக்கு இந்தச் சட்டத்தால் பெரிய நஷ்டமில்லை. தண்ணீரில் போகிறவர்களுக்கோ இது கொலைகாரச் சட்டம். கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்கிறேன்; காரணம் இருக்கிறது.

சில வருஷங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நண்பர்கள் ஐந்து பேர் ஒரு கடற்கரைக் கிராமத்தில் படகு பேசிக்கொண்டு உல்லாசமாகக் கடலுக்குள் கிளம்பினோம். எங்களில் ஒருவர் பள்ளிக்கூட ஆசிரியர், நிதானமான மனிதர். "யார் யார் போகிறோம், எந்தப் பக்கம் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று எழுதிக் கரையில் கொடுத்துவிட்டுப் போகலாமே" என்றார்.

"என்ன சார், உயில் எழுதச் சொல்கிறீர்களா?" என்று ஒரு குரல் எழுந்தது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அந்த ஹாஸ்யத்தை உதிர்த்த மேதாவி அடியேன்தான்.

மூன்று மணிக்கு இயந்திரம் நின்றுபோயிற்று. எல்லோர் பையிலும் கைப்பேசி இருந்தது; ஒன்றிலும் டவர் இல்லை. நன்றாக இருட்டிய பிறகு, மீன் பிடிக்கப் போன ஒரு புண்ணியவான் தற்செயலாக எங்கள் கூச்சலைக் கேட்டு, படகைக் கட்டி இழுத்துவந்தார். பத்து மணிக்கு வீட்டுக்கு வந்தால் மனைவி கதவைத் திறந்து, "வெளியிலேயே சாப்பிட்டிருப்பீர்கள் என்று நினைத்தேன்" என்றாள். மற்ற நான்கு வீடுகளிலும் இதே கதைதான். எங்களை யாரும் தேடவில்லை. தேடவேண்டும் என்று தெரிந்தால்தானே தேடுவார்கள்?

கரையில் காத்து நின்றவள் படகுக்காரரின் மனைவி ஒருத்திதான். புறப்படுகிற புருஷனிடம் எந்தப் பக்கம் என்று கேட்கக் கூடாதாம். ஆகையால் அவளும் கேட்கவில்லை. யாரிடம் போய் என்னவென்று சொல்வது என்று தெரியாமல், ஒரு டார்ச் விளக்கோடு நின்றுகொண்டிருந்தாள்.

மேல்நாட்டார் இந்தத் தாளுக்கு 'ஃப்ளோட் பிளான்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதில் பிரம்மவித்தை ஒன்றுமில்லை. படகின் பெயர், நிறம், பதிவு எண்; ஏறியவர்களின் பெயர், வயது; யாருக்காவது நோய் உண்டா; மிதவைச் சட்டைகள் எத்தனை; எங்கிருந்து எந்த வழியாக எதுவரை; திரும்பும் நேரம்; இத்தனை மணிக்குள் வராவிட்டால் யாரை அழைப்பது. அரைப் பக்கத்தில் அடங்கிவிடும். இதைக் கடலோரக் காவல் படையிடம் கொடுக்க வேண்டுவதில்லை. கரையில் இருக்கும் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுங்கள் என்றுதான் அமெரிக்கக் கடலோரக் காவல் படையே சொல்கிறது. அதுதான் இதில் சூட்சுமம். தாள் மட்டும் போதாது. குறித்த நேரத்தில் நாம் வராவிட்டால் பதறுவதற்கு ஓர் ஆள் வேண்டும்.

ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும்? 1945 ஜூலை 30-ஆம் தேதி, நள்ளிரவு கடந்த சற்று நேரத்தில், 'இண்டியானாபோலிஸ்' என்ற அமெரிக்கப் போர்க்கப்பலை ஜப்பானிய நீர்மூழ்கி ஒன்று தாக்கி மூழ்கடித்தது. கப்பலில் இருந்த ஏறத்தாழ 1,200 பேரில் சுமார் 900 பேர் உயிரோடு தண்ணீரில் மிதந்தார்கள். கப்பல் லெய்ட்டே துறைமுகத்துக்கு என்றைக்கு வரவேண்டும் என்பது துறைமுகத்துக்குத் தெரியும். வரவில்லை. வராததைப் பற்றி மேலே சொல்வது தம்முடைய வேலை என்று அங்கே யாரும் நினைக்கவில்லை. ஆகஸ்ட் 2-ஆம் தேதி, வேறு காரியமாகப் பறந்த விமானி ஒருவர் தற்செயலாகக் கண்டார். பிழைத்தவர்கள் 316 பேர். ஒரு பேரரசின் கடற்படைக்கே இந்தக் கதி என்றால், வாடகைப் படகில் போகிற நாம் எந்த மூலைக்கு?

நம் கரைக்கே வருவோம். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் குமரிக் கடலைக் கலக்கியபோது, எத்தனை பேர் கடலில் இருக்கிறார்கள் என்பதே பல நாள் வழக்காக இருந்தது. அரசாங்கம் ஓர் எண் சொல்லிற்று. மீனவக் கிராமங்கள் வேறோர் எண் சொல்லின. போனவர்களின் பெயர்களைப் புயலுக்குப் பிறகு திரட்டும்படி ஆயிற்று. தாள் புயலை நிறுத்தாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால், யாரைத் தேடுகிறோம் என்ற கணக்கையாவது முதல் நாளே கையில் கொடுத்திருக்கும்.

"எங்களுக்கு அனுபவம் உண்டு" என்பார்கள் சிலர். நின்றுபோன இயந்திரத்துக்கு அனுபவசாலி யார், கற்றுக்குட்டி யார் என்று தெரியாது. "அப்படி நடந்தால் தேடமாட்டார்களா?" என்பார்கள் வேறு சிலர். தேடுவார்கள், எங்கே தேடுவார்கள்? மணிக்கு 2 கிலோமீட்டர் மிதந்து போகிற படகை, அது நின்ற இடம் தெரிந்து ஒரு மணி நேரத்தில் தேடப் புறப்பட்டால், சுமார் 12 சதுர கிலோமீட்டருக்குள் துழாவினால் போதும். ஆறு மணி நேரம் கழித்துப் புறப்பட்டால் 450 சதுர கிலோமீட்டர். நின்ற இடமே தெரியாவிட்டால் கணக்குப் போடவே இடமில்லை. இந்தியக் கடலோரக் காவல் படையை 1554 என்ற எண்ணில் கூப்பிடலாம். கூப்பிட்டு, "எங்கேயோ போனார்கள், எப்போதோ வருவார்கள்" என்றா சொல்வது?

கரை திரும்பியதும் தாளை வைத்திருப்பவரிடம், "வந்துவிட்டோம்" என்று மறக்காமல் சொல்லுங்கள். இல்லாவிட்டால், வீட்டில் குறட்டை விடுகிற உங்களை நடுக்கடலில் தேடிக்கொண்டிருப்பார்கள்.

அபசகுனம் என்று இன்னமும் தயங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. "போகிறேன்" என்று சொல்லாதே, "போய் வருகிறேன்" என்று சொல் என்று நமக்குக் கற்றுக்கொடுத்தவளும் அதே பாட்டிதான். வருகிறேன் என்பது வாக்கு. எத்தனை மணிக்கு என்று சேர்த்துச் சொன்னால் வாக்குக் கெட்டுவிடாது. போகிறவனைக் கேட்கக் கூடாது என்றுதான் பாட்டி தடுத்தாள். போகிறவன் தானாகச் சொல்லக் கூடாது என்று அவள் ஒருநாளும் தடுத்ததில்லை.