ஓடையே பாதையாக: சதுரகிரி மகாலிங்கம்

இராஜபாளையத்திற்கு மேற்கே, மலை தொடங்கும் இடத்தில் எழுந்தருளியிருக்கும் அய்யனாருக்கு அப்பகுதி மக்கள் இட்ட திருநாமம் நீர்காத்த அய்யனார். செல்வம் தந்தவர் என்றோ வினை தீர்த்தவர் என்றோ அழைக்காமல், நீரைக் காத்தவர் என்று அழைத்தார்கள். அச்சந்நிதியை ஒட்டி இறங்கிவரும் ஆற்றைத்தான் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தில் தேக்கி இராஜபாளையம் நகரம் குடிக்கிறது என்பதை அறிந்தவர்களுக்கு இந்தப் பெயர் வியப்பளிக்காது. திருவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பில் காட்டாற்றை ஒட்டிப் பேச்சியம்மன் அமர்ந்திருக்கிறாள். அதற்கும் வடக்கே, வத்திராயிருப்பைத் தாண்டினால், ஓடையையே வழியாகக் கொண்ட ஒரு மலை இருக்கிறது. சித்தர்கள் உறையும் சதுரகிரி அது. இந்த வாரம் அம்மலையில் ஏறுவோம்.

ஆடி மாதத்தில் திருவில்லிபுத்தூருக்கு வரும் குடும்பங்கள் பல, ஆண்டாள் நாச்சியாரின் ஆடிப்பூரத்தையும் சதுரகிரியின் ஆடி அமாவாசையையும் ஒரே பயணத்தில் தரிசித்துவிட எண்ணுவது உண்டு. இரண்டு நாட்களும் அருகருகே அமையும் ஆண்டுகளில் இது கைகூடும். பதினோரு நிலை இராஜகோபுரத்தின் நிழலில் நின்று மேற்கே பார்த்தால் மலைத்தொடர் நீலச் சுவராகத் தெரியும். அங்கிருந்து கிருஷ்ணன்கோவில், வத்திராயிருப்பு வழியாகத் தாணிப்பாறை அடிவாரத்தை அடையலாம். சாப்டூர் வழியாகவும், தேனி மாவட்டத்து வருசநாட்டுப் பக்கமிருந்தும் பழைய வழிகள் உண்டு. எனினும் பெரும்பாலான பக்தர்கள் ஏறுவது தாணிப்பாறை வழியேதான். அடிவாரம் விருதுநகர் மாவட்டம், சுவாமி இருப்பதோ மதுரை மாவட்டம். எல்லை எங்கே மாறுகிறது என்பது ஏறுகிறவர் காலுக்குத் தெரியாது.

வனத்துறையின் வாயிலைக் கடந்ததும் விநாயகர், காளி, பேச்சியம்மன், கருப்பசாமி என அடிவாரத் தெய்வங்கள் வரிசையாக நம்மை விசாரிக்கின்றன. இவர்களிடம் விடைபெற்றே மேலே செல்ல வேண்டும் என்பது வழக்கம். தேங்காய் உடைத்துவிட்டுப் பாதையைப் பார்த்தால், பல இடங்களில் பாதையென்று தனியாக ஒன்று இல்லை. ஓடை இருக்கிறது, அதன் ஓரமாகப் பாறைகள் இருக்கின்றன. ஓரிடத்தில் ஓடையை இடப்புறம் விட்டு நடக்கிறோம், சற்று நேரத்தில் அதைக் கடந்து மறுகரைக்குப் போகிறோம், மீண்டும் இக்கரைக்கு வருகிறோம்.

இம்மலையில் ஏறுவோர் இடங்களின் பெயர்களை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போவது நல்லது. குதிரை ஊற்று, வழுக்குப் பாறை, சங்கிலிப் பாறை, அத்தியூத்து, காரப்பாறை, நாவல் ஊற்று, பச்சரிசிப் பாறை, பசுக்கிடை. எந்த அரசனின் பெயரும் இதில் இல்லை. எங்கே நீர் கிடைக்கும், எங்கே கால் வழுக்கும், எங்கே சங்கிலியைப் பிடித்தே ஏற வேண்டும், எங்கே மாடுகளை அடைக்கச் சமதரை உண்டு என்பதை முன்னோர் பெயராகவே எழுதி வைத்துவிட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவரும் இந்தப் பெயர்களைப் பாடம் செய்துகொண்டால் வழி தவற மாட்டார். அம்புக்குறி வரைந்த பலகைகளைவிட இந்தப் பெயர்கள் பயனுள்ளவை என்றே எனக்குத் தோன்றுகிறது.

பெயர்களை முழுதாக அறிந்தவர்கள் தாணிப்பாறையில் வாழும் பளியர் பழங்குடி மக்கள். செண்பகத்தோப்பிலும் அய்யனார்கோவில் பகுதியிலும் இவர்களுடைய குடியிருப்புகள் உண்டு. தேன், கிழங்கு, மூலிகை என்று தலைமுறை தலைமுறையாக இக்காட்டோடு பழகியவர்கள். இவர்களில் ஒருவர் உடன் வந்தால் நடை வேறாகிவிடும். நாம் சுனையைக் கண்டதும் ஓடிப்போய் முகம் கழுவுவோம். அவரோ முதலில் நீரின் நிறத்தைப் பார்ப்பார், பிறகு மலை முகட்டைப் பார்ப்பார். “ஐயா, கொஞ்சம் பொறுங்க” என்று ஒரு சொல் வந்தால் பொறுத்திருப்பதே முறை.

ஏன் முகட்டைப் பார்க்க வேண்டும்? மேற்குத்தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவு இது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இங்கே நேராக வந்து மோதும். கோடையிலோ பகல் முழுதும் வெயில் காய்ந்து, மாலையில் முகட்டின் மேல் மட்டும் கருமேகம் திரண்டு ஒரு மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிடும். அடிவாரத்தில் ஒரு துளி விழுந்திருக்காது. வானம் வெளுத்தே இருக்கும். ஆனால் மேலே பெய்தது பாறையின் மேல் பெய்தது. பாறை நீரை உறிஞ்சுவதில்லை. பல சரிவுகளில் வழிந்தது அத்தனையும் ஒரே குறுகிய ஓடைக்குள் இறங்குகிறது. கணுக்கால் அளவு நீர் மார்பளவாக உயர நெடுநேரம் ஆவதில்லை. தெளிந்த நீர் திடீரெனக் கலங்குவதும், இலையும் சுள்ளியும் மிதந்து வருவதும், மேலிருந்து இரைச்சல் கேட்பதும் அதன் முன்னறிவிப்புகள். அப்போது கையிலிருக்கும் பையை விட்டுவிட்டேனும் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும்.

2015-ஆம் ஆண்டு மே மாதத்தில், வைகாசி அமாவாசையை ஒட்டி மலைக்கு வந்திருந்த பக்தர்கள் இதைத்தான் எதிர்கொண்டார்கள். மேலே பெய்த மழையால் ஓடைகளில் திடீர் வெள்ளம் பெருகியது. அடித்துச் செல்லப்பட்டுப் பலர் உயிரிழந்தனர். மலைமேல் சிக்கியவர்கள் மீட்கப்பட்டனர். மகாலிங்கத்தைத் தரிசிக்க வந்தவர்களுக்கு ஏன் இந்த முடிவு என்று அந்நாளில் கேட்காத வீடில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 2013 ஜூன் மாதம், கேதாரநாத்திலும் இதே கேள்வி எழுந்தது. இறைவனைக் குறை சொல்வதும், இறந்தவர்களின் வினைப்பயன் என்று கடந்துபோவதும் இரண்டுமே எளியவை, இரண்டாவது கொடியதும்கூட. இறந்தவர்கள் நம்மைப் போலவே கட்டுச்சோறும் வில்வமும் எடுத்துக்கொண்டு கிளம்பியவர்கள். ஓடைக்கு அமாவாசையும் தெரியாது, பக்தரும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் நாம்தான்.

அதன் பிறகு, மலையேறும் நாட்களும் நேரமும் வரையறுக்கப்பட்டன. அமாவாசை, பௌர்ணமி, பிரதோஷம் ஆகியவற்றை ஒட்டி மாதத்தில் எட்டு நாட்கள் மட்டுமே நெடுங்காலம் அனுமதி இருந்தது. மழை எச்சரிக்கை வந்தால் அதுவும் நிறுத்தப்படும். இந்த ஒழுங்குகள் அவ்வப்போது மாறுவதால் புறப்படுமுன் விசாரித்துக்கொள்வது அவசியம். அனுமதி மறுக்கப்பட்ட நாளில் வாயிலில் நின்று வனத்துறை ஊழியரிடம் வாதிடும் அன்பர்களைக் காணலாம். “நாற்பது வருஷமா வர்றோம் அண்ணாச்சி, எங்களுக்குத் தெரியாத மலையா?” என்பார்கள். தெரிந்த மலைதான். அன்றைய மழை மட்டும் அவர்களுக்குத் தெரியாது.

நடையைத் தொடர்வோம். ஊற்றுகளைக் கடந்து காரப்பாறையை அடையும்போது மூச்சு வாங்கத் தொடங்கிவிடும். அருகே கோரக்கர் தவம் செய்த குகை. ஓடைப் பாறையில் குடைந்தாற்போல் வட்டமான குழிகள் இருக்கின்றன. கோரக்கர் மூலிகை அரைத்த குழிகள் என்று பக்தர்கள் வணங்குகிறார்கள். சுழலும் நீரும் அதில் சிக்கிய கூழாங்கல்லும் காலங்காலமாக அரைத்து உண்டாக்கும் குழிகளும் இப்படித்தான் இருக்கும். அரைத்தது சித்தராயினும் ஆறாயினும் அதற்குப் பிடித்த பொறுமை ஒன்றுதான்.

இரட்டை லிங்கத்தை வணங்கிவிட்டு மேலே சென்றால் நாவல் ஊற்று. நாவல் மரத்தடியில் ஊறும் இந்நீரை மருந்தென எண்ணிப் பருகுவோர் பலர். அதற்கும் மேலே பசுக்கிடை. பச்சைமால் என்னும் இடையர் மாடுகளை அடைத்த இடம் என்பது ஐதீகம். தன் பசுவொன்று பால் குறைவதைக் கண்டு ஒளிந்திருந்து பார்த்த பச்சைமால், அதன் மடியில் வாய்வைத்துப் பருகிக்கொண்டிருந்த துறவியைக் கோலால் அடித்தார். அடிபட்டவர் சிவபெருமான். அஞ்சி அழுத இடையரைத் தேற்றிய பெருமான், அங்கேயே லிங்கத் திருமேனியாக நின்றார் என்கிறது தலபுராணம். சுந்தர மகாலிங்கம் இன்றும் சற்றே சாய்ந்த திருக்கோலத்தில் காட்சியளிப்பது அந்த அடியை ஏற்றதனால்தான் என்பர். அறியாமல் அடித்தவருக்கும் அருளிய சாமி என்பதாலோ என்னவோ, இந்தச் சந்நிதியில் நிற்கும்போது மனிதர்கள் உரக்க வேண்டுவதில்லை.

சந்நிதிக்குச் சற்று முன்பு பிலாவடிக் கருப்பர். பலா மரத்தடியில் காவல் இருப்பவர். வாமதேவன் என்னும் வணிகர் கோயில் கட்டத் தொடங்கிப் பொருள் போதாமல் நின்றபோது, காலாங்கிநாதர் இரசவாதத் தைலத்தால் பொன் செய்து தந்தாராம். மிஞ்சிய தைலம் தீயவர் கையில் சேர்ந்துவிடக் கூடாதென்று அதைக் கிணற்றில் இட்டு மூடிக் கருப்பரைக் காவல் வைத்தார் என்பது கதை. அந்தப் பலாவில் எந்நேரமும் ஒரு காயாவது இருக்கும் என்ற நம்பிக்கையில் கிளைகளை அண்ணாந்து தேடும் குழந்தைகளைப் பார்ப்பது தனி இன்பம். வேண்டியதை எடுத்துக்கொண்டு, மிஞ்சியதை மூடி வைத்த ஒருவரின் கதையை இக்காட்டின் வாசலிலேயே வைத்திருக்கிறார்கள்.

சுந்தர மகாலிங்கத்திற்கு மேலே படியேறினால் சந்தன மகாலிங்கம். பிருங்கி முனிவர் அம்மையை விலக்கி ஐயனை மட்டும் வலம் வந்ததனால் மனம் வருந்திய பார்வதி தேவி, இங்கே சந்தனத்தால் லிங்கம் சமைத்துத் தவமிருந்து இறைவனின் இடப்பாகம் பெற்றாள் என்பது வரலாறு. அம்மை நீராட்டுக்கென வரவழைத்த ஆகாச கங்கை பாறை மேலிருந்து இறங்கி வருகிறது. கோடையில் நூலிழையாக இருக்கலாம். அப்போதும் அது கங்கைதான். இன்னும் உள்ளே பெரிய மகாலிங்கம். லிங்க வடிவில் ஓங்கி நிற்கும் பெரும்பாறையும் அதன் மேல் சடைபோல் படர்ந்த வேர்களும். அங்கே கட்டடம் என்று சொல்ல ஒன்றுமில்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்காது.

முற்காலத்தில் மலைமேல் மடங்களில் கஞ்சியும் சோறும் இரவு பகலாகக் கிடைக்கும். முன்போல் அம்மடங்களின் அடுப்புகள் எரிவதில்லை. ஆகவே உணவையும் நீரையும் கையோடு கொண்டுசெல்ல வேண்டும். கொண்டுசெல்வதில் தவறில்லை, வெறும் பையையும் பாட்டிலையும் விட்டுவிட்டு வருவதுதான் தவறு. நீராடிய ஆடையை ஓடையில் விட்டால் தோஷம் கழியும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். விட்ட துணி பாறை இடுக்கில் மாட்டி மட்குகிறது, கீழே அதே நீரை மற்றவர்கள் தீர்த்தமென்று தலையில் தெளித்துக்கொள்கிறார்கள். இந்தப் பகுதி ஓடைகளின் நீர் வைப்பாற்றுப் படுகையில் சேர்ந்து, வறண்ட கரிசல் நிலத்தின் கண்மாய்களுக்குப் போகிறது. மலையின் மறுபுறத்து நீரோ வைகையாகி மதுரைக்குப் போகிறது. நாம் கழற்றிவிட்ட துணியை எந்த ஊரின் கண்மாய் வாங்கிக்கொள்ளும்?

இங்கே வாழும் மற்றோர் உயிரையும் சொல்ல வேண்டும். மரக்கிளைகள் ஒன்றோடொன்று பின்னிய ஓடைக்கரைகளில் நீண்ட வாலுடைய பெரிய அணில் தாவுவதைக் காணலாம். சாம்பல் நிற அணில் என்று பெயர். இதைக் காக்கவே 1988-இல் திருவில்லிபுத்தூரில் சரணாலயம் அமைந்தது. 2021-இல் மேகமலையையும் சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாக அது விரிந்தது. தமிழகத்தில் ஐந்தாவது புலிகள் காப்பகம். இந்த அணில் தரையில் இறங்க விரும்பாது. கிளை விட்டுக் கிளை போகும். ஓடைக்கரை மரம் ஒன்றை வெட்டினால் அதன் தெருவில் ஒரு பாலத்தை இடித்ததாகும்.

இறங்கும்போது அவசரம் வேண்டா. ஏறும் கால் களைக்கும், இறங்கும் கால்தான் இடறும் என்பது இங்கே வருவோர் எல்லோரும் கண்ட அனுபவம். ஆயினும் புறப்படுவதைத் தள்ளிப் போடவும் கூடாது. பிற்பகல் மேகம் முகட்டைத் தொடுமுன் வழுக்குப் பாறையையும் கடைசி ஓடைக் கடப்பையும் தாண்டிவிட வேண்டும். ஆகவே காலையில் வாயில் திறந்தவுடன் ஏறத் தொடங்குங்கள். தரிசனம் முடிந்ததும் உண்டு, சற்றே இளைப்பாறி இறங்குங்கள். முழங்கால் வலி உள்ள பெரியோர், இதய நோயாளிகள், கைக்குழந்தையோடு வரும் தாய்மார் ஆகியோர் அடிவாரத்திலேயே வணங்கி, மலையை நோக்கிக் கற்பூரம் ஏற்றித் திரும்பலாம். பிலாவடிக் கருப்பருக்கும் மகாலிங்கத்துக்கும் அங்கிருந்து சொன்னாலும் கேட்கும்.

அடுத்த வாரம் தெற்கே திரும்பி, செண்பகத்தோப்பிலிருந்து காட்டழகர் சந்நிதிக்குச் செல்வோம்.