பனிப்பொம்மை கரைகிற இடத்தில் ரிமோட்டை அமுக்காதீர்கள்

இந்தக் கோடை விடுமுறையில் எனக்கும் என் மகனுக்கும் ஒரு சண்டை வந்தது. சொத்துத் தகராறு இல்லை, அரசியலும் இல்லை. ஒரு பனிப்பொம்மையால் வந்த சண்டை. எழுபத்து மூன்று வயதில் கார்ட்டூன் படத்துக்காகப் பெற்ற பிள்ளையோடு மல்லுக்கு நிற்கிறவன் ஆழ்வார்குறிச்சியில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். இருக்கட்டும். நான் சொன்னது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

படத்தின் பெயர் ‘ஃப்ரோசன் 2’. 2019 நவம்பரில் தமிழிலும் வந்தது. எல்சா என்ற அக்காவுக்கு ஸ்ருதி ஹாசனும், அன்னா என்ற தங்கைக்குத் திவ்யதர்ஷினியும், ஓலாஃப் என்ற பனிப்பொம்மைக்குச் சத்யனும் குரல் கொடுத்திருக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் இந்த மூன்று பேரும் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி. தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

எல்சா தொட்டது பனியாகும். அவள் மந்திரத்தால் உயிர்பெற்றவன் ஓலாஃப். சிரிப்பும் அசட்டுத்தனமுமாக வளைய வருகிறவன். அப்பா அம்மா இல்லாத அக்கா தங்கைக்கு அவன் கூடப்பிறந்த தம்பி மாதிரி. இரண்டாம் படத்தில் எல்சா ஒரு பழைய உண்மையைத் தேடித் தனியாகப் போகிறாள். போன இடத்தில் அளவுக்கு மீறி ஆழத்தில் இறங்கி, பனியாய் உறைந்துவிடுகிறாள். மந்திரம் போட்டவளே போனபிறகு பொம்மை எப்படி நிற்கும்? குகைக்குள் அன்னாவின் மடியில் ஓலாஃப் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்கிறான். அவள் இறுக்கிக் கட்டிக்கொள்கிறாள். கட்டிய கைக்குள் ஒன்றும் மிஞ்சவில்லை. துகள் துகளாகக் காற்றில் போய்விடுகிறான்.

அன்னா அந்த இருட்டிலேயே கிடக்கிறாள். அக்கா போனாள், பொம்மையும் போனான். விடிந்ததும் எழுந்திருக்க மனசில்லை. அப்போது ஒரு பாட்டு வருகிறது. பாதி பாட்டு, பாதி விசும்பல். நாளைக்கு என்ன, மறுநாள் என்ன என்று யோசிக்கத் தெம்பு இல்லை; அடுத்து செய்யவேண்டிய ஒரே ஒரு காரியத்தை மட்டும் செய்வோம் என்று தட்டுத் தடுமாறி எழுந்து, பாறையைப் பிடித்து ஏறுகிறாள்.

சரியாக இந்த இடத்தில்தான் என் மகன் ரிமோட்டை எடுத்து ஓட்டினான். ஓலாஃப் இருந்தான், திடீரென்று அன்னா மலை மேலே ஓடிக்கொண்டிருந்தாள்.

“ஓலாஃப் எங்கப்பா?” என்று கேட்டாள் ஆறு வயசுப் பேத்தி.

“வருவாம்மா. நீ பாரு.”

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்று சொல்ல வேண்டுமானால் என் வீட்டுக் கதையையும் சொல்ல வேண்டும்.

கடந்த ஐப்பசியில் என் மனைவி தவறிப்போனாள். மகனும் மருமகளும் சென்னையிலிருந்து அடித்துப் பிடித்து வந்தார்கள். பேத்தியைக் கூட்டி வரவில்லை. தெரிந்தவர்கள் வீட்டில் விட்டுவிட்டு வந்தார்கள். “சின்னப்பிள்ளை, பயந்துக்கிடும்” என்றான். அந்த நேரத்தில் நானும் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளையிடம் ஆச்சி ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். ஐப்பசியிலிருந்து சித்திரை வரைக்கும் அதே ஆஸ்பத்திரி.

லீவுக்கு வருவதற்கு முந்தின நாள் மகன் போனில் சொன்னான், “அப்பா, பட்டாசாலையில மாட்டியிருக்கிற அம்மா போட்டோவ எடுத்துப் பீரோவுல வச்சிருங்க. மாலை போட்டிருக்கு, அவ கேப்பா.” எடுத்து வைத்தேன். நாற்பத்தைந்து வருஷம் கூட வாழ்ந்தவளைச் சேலைக்கு அடியில் ஒளித்து வைத்தேன். சுவரில் நீள்சதுரமாக ஒரு வெள்ளை இடம் மட்டும் தெரிந்தது.

பிள்ளை வந்தாள். அடுக்களைக்குப் போய்ப் பார்த்தாள். புறவாசலுக்குப் போய்ப் பார்த்தாள். சாயங்காலம் மனோகரம் கொடுத்தோம். பாதியைத் தின்றுவிட்டு மீதியைக் காகிதத்தில் சுற்றி ஜன்னல் திண்டில் வைத்தாள். “ஆச்சிக்கு” என்றாள். மருமகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். அந்தப் பொட்டலத்தில் மறுநாள் எறும்பு ஏறியது. எடுத்துப் போட யாருக்கும் கை வரவில்லை.

அதற்கு மறுநாள்தான் மேற்படி படம்.

இப்போது என் வாதத்துக்கு வருகிறேன்.

சின்னப்பிள்ளைகளுக்குச் சோகத்தைக் காட்டக்கூடாது என்று இப்போது படித்த பெற்றோர் எல்லோரும் பேசுகிறார்கள். இதை எங்கே கற்றார்கள்? நம் ஊரில் கற்கவில்லை. தாத்தா பாட்டி இறந்தால் பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிக்க வேண்டும் என்பது நம் பக்கத்து வழக்கம். இடுப்பில் தூக்கிவைத்த பிள்ளையின் கையிலும் பந்தத்தைக் கொடுத்து, கூடச் சேர்த்துப் பிடித்து, சுற்றி வரச் செய்வார்கள். துட்டி வீட்டில் பிள்ளைகளுக்கென்றே ஒரு வேலை ஒதுக்கியிருந்தார்கள் பெரியவர்கள். அந்தப் பிள்ளைகள் எல்லாம் பயந்து பைத்தியமாகிவிட்டார்களா? நானும் பிடித்திருக்கிறேன். எண்ணெய்ப் புகை கண்ணைக் கரித்தது ஞாபகம் இருக்கிறது. தாத்தா இனி வரமாட்டார் என்பதும் அன்றைக்கே புரிந்துவிட்டது.

ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்தையனார் கோயிலுக்குக் காரையாறு போவோம். அப்போதெல்லாம் ஆற்றங்கரையில் குடில் போட்டு நாள் கணக்கில் தங்கலாம். ராத்திரி வில்லுப்பாட்டு. முத்துப்பட்டன் கதை. பிராமணப் பிள்ளை பட்டன், வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்கா மேல் ஆசைப்பட்டு, பூணூலை அறுத்துப் போட்டுச் செருப்புத் தைக்கக் கற்றுக்கொள்கிறான். கல்யாணச் சந்தடி அடங்குமுன்னே மாடு களவுபோன சேதி வருகிறது. மீட்கப் போனவனை ஒளிந்திருந்து குத்திவிடுகிறார்கள். அந்த இரண்டு பெண்களும் அவனோடு தீயில் இறங்குகிறார்கள். தீயில் இறங்கியதை நான் மெச்சவில்லை. ஆனால் அந்த இடத்தில் உடுக்கை தாழ்ந்து அண்ணாவியின் குரல் உடையும்போது, பாயில் தூங்குகிற பிள்ளைகளும் எழுந்து உட்கார்ந்துவிடும். என் அம்மா என் காதைப் பொத்தவில்லை. அவளும் அழுதாள். அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன். காலையில் ஆற்றில் குளித்துவிட்டுப் பட்டவராயன் சன்னதியில் காணிக்கையாகக் கட்டியிருக்கிற செருப்புகளை எண்ணிக்கொண்டு திரிந்தோம். நல்லதங்காள் கதை இன்னும் கடுமை. ஏழு பிள்ளைகளைக் கிணற்றில் போடுகிறாள். அதை நாடகமாகப் போட்டபோதும் முன்வரிசை மணலில் உட்கார்ந்திருந்தவர்கள் பிள்ளைகள்தான்.

வெளிநாட்டுக் கதைகளும் ஆதியில் இப்படித்தான். ஆண்டர்சன் 1837-இல் எழுதிய கடல்கன்னிக்கு இளவரசன் கிடைக்கவில்லை. கடல் நுரையாகக் கரைந்து போகிறாள். 1989-இல் டிஸ்னி அதைப் படமாக்கியபோது கல்யாணம் செய்து வைத்துவிட்டார்கள். அப்படி இனிப்புத் தடவிப் பழகிய அதே கம்பெனிதான் ‘பாம்பி’யில் 1942-லேயே மான்குட்டியின் தாயைச் சுட்டுக் கொல்ல விட்டது, ‘லயன் கிங்’கில் குட்டியின் கண் முன்னாலேயே தகப்பன் சிங்கத்தைச் சாக வைத்தது. வியாபாரம் செய்கிறவனுக்கே தெரிந்திருக்கிறது, சில இடங்களில் இனிப்பு கூடாது என்று. நமக்குத் தெரியவில்லை. அவன் விட்டுவைத்ததையும் நாம் ரிமோட்டால் வெட்டுகிறோம்.

‘ஃப்ரோசன்’ படங்களை இயக்கிய இருவரில் ஒருவர் கிறிஸ் பக். 2013-இல் முதல் படம் திரைக்கு வருவதற்குச் சில வாரங்களுக்கு முன் அவருடைய மகன் சாலை விபத்தில் இறந்துபோனார். இருபத்து மூன்று வயசு. அந்தத் துக்கத்தைச் சுமந்த மனிதர்தான் இரண்டாம் படத்தை எடுத்தார். அன்னா குகையில் பாடுகிற பாட்டு உருவானதில் அந்த இழப்புக்கும் பங்குண்டு. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தகப்பனின் துக்கம் கலந்த இடத்தை, நாம் உறுத்தலே இல்லாமல் பத்துப் பத்து விநாடியாகத் தாண்டிப் போகிறோம்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இதே வீடுகளில்தான் ராத்திரி எட்டு மணிக்குச் சீரியல் ஓடுகிறது. மாமியார் பாலில் விஷம் கலக்கிறாள், மருமகள் மாடிப்படியில் தள்ளிவிடுகிறாள். பிள்ளை மடியில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டே பார்க்கிறது. செல்போனில் துப்பாக்கி விளையாட்டு. விழுந்தவன் அடுத்த நிமிஷம் எழுந்து வருகிறான். அதற்கெல்லாம் ரிமோட் இல்லை. ஒருத்தி தன் அன்பானவனை இழந்து உட்கார்ந்து அழுதால் மட்டும் ரிமோட் வருகிறது. கொலையைப் பார்க்கலாம், துக்கத்தைப் பார்க்கக்கூடாது. இது என்ன கணக்கு?

நான் தபால் ஆபீசில் முப்பத்தாறு வருஷம் இருந்தவன். தந்தி இருந்த காலம். ‘மதர் எக்ஸ்பயர்டு, ஸ்டார்ட் இமீடியட்லி’ என்று வருகிற தந்தியை எத்தனை வீட்டு வாசலில் நின்று தமிழில் சொல்லியிருப்பேன்! ஆரம்பத்தில் நானும் பூசி மெழுகிப் பார்த்தேன். “உடம்புக்கு ரொம்ப முடியலையாம்” என்பேன். அது தப்பு என்று ஒரு பெரியவர்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். “ஏய்யா, உள்ளதச் சொல்லிரும். போற வழி பூரா உசிரு இருக்கும்னு நெனச்சுக்கிட்டே போவான். அங்க போய் ரெண்டாவது தடவ சாகணுமா?” என்றார். அதற்குப் பிறகு நான் மாற்றிச் சொன்னதில்லை. 2013 ஜூலையில் தந்தி நின்றது. என் வீட்டிலேயே ஒரு பொய்த் தந்தி ஆறு மாசம் ஓடியிருக்கிறது, அதற்கு நானும் உடந்தை.

எதிர்த்தரப்பின் நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். என் மகன் கேட்டான், “அந்தப் படத்துல கடைசியில ஓலாஃப் திரும்பி வந்துருவாம்ப்பா. ஆச்சியும் வருவாளான்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?” நல்ல கேள்வி. முத்துப்பட்டனை வில்லுப்பாட்டு சாமியாக்குமே தவிர, எழுப்பி வீட்டுக்கு அனுப்பாது. இந்தப் படமோ, தண்ணீருக்கு ஞாபகம் உண்டு என்று ஒரு காரணம் சொல்லிப் பொம்மையைத் திரும்பச் செய்து கொடுத்துவிடுகிறது. அந்த மட்டுக்கும் அது மழுப்பல்தான். ஆனால் அதே படத்தில் எல்சாவின் அப்பாவும் அம்மாவும் போன கப்பல் உடைந்து கரையில் கிடக்கிறது. அவர்கள் திரும்பவே இல்லை. பொம்மையைத் திரும்பச் செய்யலாம், அம்மாவைச் செய்ய முடியாது. பதில் படத்துக்குள்ளேயே இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

மறுநாள் மகனும் மருமகளும் தென்காசிக்குப் போயிருந்தபோது, பேத்தியும் நானும் அந்தப் படத்தை ஓட்டாமல் முழுசாகப் பார்த்தோம். ஓலாஃப் உதிரும்போது என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அழுதாள். நானும் அழுதேன். பாட்டு முடிகிற வரைக்கும் பேசவில்லை. பிறகு கேட்டாள்.

“தாத்தா, ஆச்சி ஆஸ்பத்திரியிலதான இருக்கா?”

“இல்லம்மா. ஆச்சி செத்துப் போயிட்டா.”

“பனி மாதிரியா?”

“ஆமா.”

“எல்சா மாதிரி யாராச்சும் திரும்பச் செய்வாங்களா?”

“செய்ய முடியாதும்மா.”

கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். பிறகு ஜன்னல் திண்டிலிருந்து அந்த மனோகரப் பொட்டலத்தை எடுத்துப்போய்ப் புறவாசலில் காக்காய்க்கு வைத்துவிட்டு வந்தாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ராத்திரி மகன் வந்து சத்தம் போட்டான். “எங்கிட்டக் கேட்டிருக்க வேண்டாமாப்பா?” கேட்டிருக்க வேண்டும். அவன் பிள்ளை. அந்தத் தப்பு என்னுடையது, ஒப்புக்கொண்டேன். சொன்ன சேதியில் தப்பில்லை. அதை ஒப்புக்கொள்ள மாட்டேன் என்றும் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவன் யாருக்குப் பயந்தான் என்பது மூன்றாம் நாள்தான் எனக்குப் புரிந்தது. மகளிடம் சொல்லிவிட்டால் அவனுக்கும் அம்மா இல்லை என்று ஆகிவிடும். பாவம், அவனும் பிள்ளைதானே.

என் வயசுக்காரர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பேரப்பிள்ளைகள் படம் பார்க்கும்போது ஈசிசேரில் கண்ணை மூடிக்கொண்டு கிடக்காதீர்கள். பக்கத்தில் போய் உட்காருங்கள். பிள்ளை வேண்டாம் என்று கண்ணை மூடினால் வற்புறுத்த வேண்டாம். ஆனால் நீங்களாக அழுகையை வெட்டாதீர்கள். ஓலாஃப் உதிர்வதைப் பார்க்காத பிள்ளைக்கு அவன் திரும்பி வந்ததில் என்ன சந்தோஷம் இருக்கும்? அன்னா உட்கார்ந்து அழுததைப் பார்க்காத பிள்ளைக்கு அவள் எழுந்து நடந்தது எப்படித் தெரியும்? நம் பேரப்பிள்ளைகள் முதலில் பார்க்கப்போகிற சாவு பெரும்பாலும் நம்முடையதுதான். அதற்கு அவர்களைத் தயார் செய்ய வேண்டியவர்களும் நாம்தான்.

ஊருக்குக் கிளம்புகிற அன்று போட்டோவைப் பீரோவிலிருந்து எடுத்துப் பழைய ஆணியிலேயே மாட்டினேன். பேத்தி பிச்சிப்பூச் சரத்தை வைத்துக்கொண்டு தூக்கிவிடச் சொன்னாள். எனக்கு முதுகு ஒத்துழைக்கவில்லை. வாசலில் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்த மகன் உள்ளே வந்தான். ஒன்றும் பேசாமல் அவளைத் தூக்கிப் பிடித்தான்.