அமுக்கிப் பார்த்து ஏமாறாதீர்கள்!

அத்தைக்கு 74 வயது. கால் நடமாடும்போதே நவக்கிரகக் கோயில்களைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. குடும்பத்தில் பதினோரு பேர் சேர்ந்து ஒரு வேன் பிடித்தோம். வாசலில் வண்டி வந்து நின்றதும் எல்லோருக்கும் திருப்தி. மெரூன் கலர் ரெக்ஸின் பளபளவென்று மின்னியது. ஒரு கிழிசல் இல்லை, ஒரு கறை இல்லை.

சென்னையிலிருந்து கும்பகோணம் சுமார் 300 கிலோ மீட்டர். திண்டிவனம் தாண்டுவதற்குள்ளேயே அத்தை நெளிய ஆரம்பித்துவிட்டார்.

“டேய், கொஞ்சம் வண்டிய நிறுத்தச் சொல்லு.”

“என்ன அத்தை, காபி சாப்பிடணுமா?”

“காபியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அடியில ஏதோ கம்பி குத்துதுடா.”

டிரைவர் தம்பி இறங்கி வந்து பார்த்தார். “போன மாசம்தான் சார் ஓனர் எல்லா ஸீட்டும் மாத்துனாரு” என்றார். நான் விடவில்லை. ஸீட்டின் அடிப்பக்கம் பின் விட்டுப்போன இடத்தில் ரெக்ஸினை லேசாகத் தூக்கினேன். உள்ளே இருந்தது பழைய ஃபோம். மஞ்சளாகி, தொட்டால் ரவை மாதிரி உதிர்ந்தது. அதன் மேல் ஓர் அங்குலத்துக்குப் புது ஃபோம். அதுவும் ஒரே மாதத்தில் அப்பளமாகியிருந்தது. மாற்றியது ஸீட்டை அல்ல, சட்டையை மட்டும்.

அத்தைக்குப் போர்வையை நாலாக மடித்துப் போட்டோம். அப்போதுதான் டிரைவர் ஸீட்டைக் கவனித்தேன். அங்கேயும் ஒரு துண்டு, நாலாக மடித்து! நாங்கள் இரண்டு நாள் உட்காரப்போகிறவர்கள். அந்தத் தம்பி வருடம் முழுக்க உட்காருகிறவர்.

ஊர் திரும்பியதும், எனக்குத் தெரிந்த ஒரு குஷன் கடைக்காரரிடம் போனேன். முப்பது வருஷமாக கார், வேன் ஸீட் தைப்பவர். கதையைச் சொன்னதும் சிரித்தார்.

“ரெக்ஸின் கலர் செலக்ட் பண்ண ஒரு மணி நேரம் உக்காருவாங்க சார். நூல் என்ன கலர், பைப்பிங் என்ன கலர், எல்லாம் கேப்பாங்க. உள்ள என்ன ஃபோம்னு கேக்கறவங்க மாசத்துக்கு ஒருத்தர் வந்தா பெருசு.”

இதுதான் விஷயம். நாம் கேட்பதில்லை. அதனால் அவர்கள் சொல்வதில்லை.

ஃபோம் என்று நாம் சொல்வது பாலியூரித்தேன். 1937-ல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்த வேதியியலின் வாரிசு. பெட்ரோலியத்திலிருந்து வரும் ரசாயனங்களைக் கலந்து, இட்லி மாவு மாதிரி பொங்க வைத்து, பாளமாக அறுத்து விற்கிறார்கள். இதன் தரத்துக்கு முதல் அடையாளம் டென்சிட்டி, அதாவது அடர்த்தி. ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ எடை என்பதுதான் அந்த எண். 18, 23, 28, 32, 40 என்று பல ரகம் உண்டு. 40 டென்சிட்டி ஃபோமிலேயே நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்கு காற்றுதான். 18 என்றால் அதிலும் பாதிச் சரக்கு. காசு கொடுத்து நாம் வாங்குவதில் பெரும்பகுதி காற்று. அந்தக் காற்றைத் தாங்கிப் பிடிக்கிற மெல்லிய சுவர்கள் எவ்வளவு என்பதில்தான் ஆயுள் இருக்கிறது. வெயிலும் வியர்வையும் ஆள் எடையும் சேர்ந்து அந்தச் சுவர்களை உடைக்கும்போது ஸீட் அமுங்கிப் போகிறது.

நாம் கடையில் என்ன செய்கிறோம்? கட்டை விரலால் ஓர் அமுக்கு. “நல்லா கெட்டியா இருக்கே” என்று தலையாட்டுகிறோம். கெட்டித்தனம் வேறு, அடர்த்தி வேறு. 18 டென்சிட்டியிலேயே கல் மாதிரி கெட்டியான ஃபோம் செய்யலாம். கடையில் கெட்டியாக இருக்கும், சில மாதத்தில் குழி விழும். 40-ல் வெண்ணெய் மாதிரி மெத்தென்று செய்யலாம். வருஷக்கணக்கில் உழைக்கும். கட்டை விரலுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. விற்கிறவருக்குத் தெரியும். மோசடி பிறக்கும் இடம் இதுதான்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். அரை மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், 10 சென்டி மீட்டர் கனமுள்ள துண்டு 40 டென்சிட்டி என்றால் சரியாக 1 கிலோ இருக்க வேண்டும். மளிகைக் கடைத் தராசே போதும். அரைக் கிலோதான் காட்டுகிறது என்றால் உங்களுக்குக் கொடுத்தது 20. ஆனால், இதையும் ஏமாற்ற வழி இருக்கிறது. சுண்ணாம்புத் தூள் கலந்து எடை ஏற்றிய ஃபோமும் சந்தையில் உண்டு. எடை இருக்கும், உழைப்பு இருக்காது. ஆகவே இது வாடிக்கையாளரின் சாமர்த்தியத்தோடு முடிகிற விவகாரம் இல்லை.

“ஏழைபாழைகளும், கடனில் வண்டி ஓட்டுகிறவர்களும் மலிவான ஃபோம்தானே வாங்க முடியும்? அதிலும் கை வைக்கிறீர்களே” என்று யாராவது கேட்கலாம். தாராளமாக 18 விற்கட்டும். 18 என்று சொல்லி, 18-இன் விலைக்கு விற்கட்டும். இப்போது நடப்பது அது இல்லையே! தவிர, ஃபோம் எதுவானாலும் பழசைப் பிரிக்க, வெட்ட, தைக்க, பின் அடிக்க ஆகும் கூலி ஒன்றுதான். மட்டமான ஃபோமைப் போட்டு வருஷா வருஷம் மாற்றுகிறவர் ஒவ்வொரு தடவையும் அந்தக் கூலியைத் தண்டமாக அழுகிறார். மலிவு ஃபோம் ஏழையிடம்தான் அதிகம் பிடுங்குகிறது.

முன்பெல்லாம் பஞ்சு அடிக்கிறவர் வில்லோடு தெருவில் வருவார். கட்டியாகிப் போன இலவம்பஞ்சு மெத்தையைப் பிரித்து, நம் கண் முன்னாலேயே அடித்து, உதறி, மறுபடியும் தைத்துக் கொடுப்பார். உள்ளே என்ன இருக்கிறது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வண்டி ஸீட்டுக்கு ரப்பர் பால் கலந்த தேங்காய் நார் போட்ட காலமும் உண்டு. நான் பழசைப் புகழ்ந்து ஒப்பாரி வைக்க வரவில்லை. நல்ல ஃபோம் உண்மையிலேயே நல்ல பொருள். ஆனால் உள்ளே பார்க்கிற பழக்கத்தை ஏன் விட்டோம்?

இதில் முதுகு வலியை விடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. நெருப்பு. சாதாரண பாலியூரித்தேன் மளமளவென்று பற்றிக்கொள்ளும். அதன் புகையில் கார்பன் மோனாக்ஸைடோடு ஹைட்ரஜன் சயனைடும் இருக்கும். 1979-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஒரு கடையில் அடுக்கி வைத்திருந்த ஃபோம் ஸோஃபாக்கள் பற்றி எரிந்து பத்துப் பேர் இறந்தார்கள். 1988-ல் அந்த நாடு மெத்தை, ஸோஃபாக்களுக்குக் கடுமையான தீத்தடுப்பு விதிகளைக் கொண்டுவந்தது. நம் நாட்டிலும் வாகனத்துக்குள் போடும் பொருட்கள் எவ்வளவு வேகமாக எரியலாம் என்பதற்கு ஐ.எஸ். 15061 என்ற தர விதி இருக்கிறது. அது புது வண்டிக்கு. மூன்றாவது வருஷம் ஓனர் ஏதோ ஒரு பட்டறையில் விட்டு ஸீட் மாற்றுகிறாரே, அந்த ஃபோமை யார் கொளுத்திப் பார்த்தார்கள்? எஃப்.சி-க்குப் போகிற வண்டியில் பிரேக் பார்ப்பார்கள், லைட் பார்ப்பார்கள். ஸீட்டுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டதாக எனக்குத் தெரிந்த எந்த டிரைவரும் சொன்னதில்லை.

2013 அக்டோபரில் அன்றைய ஆந்திராவின் பாலெம் அருகே சொகுசு பஸ் ஒன்று மதகில் மோதி, டீசல் டேங்க் உடைந்து 45 பேர் கருகினார்கள். அங்கே தீ தொடங்கியது டீசலில். ஆனால் எங்கே தொடங்கினாலும், இறங்கி ஓடக் கிடைக்கிற சில நொடிகளை உள்ளே இருக்கும் பொருட்கள் கூட்டவோ குறைக்கவோ செய்யும். நாம் உட்கார்ந்திருப்பதே அந்தப் பொருளின் மேல்தான்.

என் கோரிக்கைகள் மூன்றுதான்.

ஒன்று: ஃபோம் ஷீட் ஒவ்வொன்றிலும் டென்சிட்டி, தயாரிப்பாளர் பெயர், தயாரித்த மாதம் அச்சிடப்பட வேண்டும். ஸீட் தைத்துத் தருகிற கடையின் பில்லிலும் டென்சிட்டி எழுதப்பட வேண்டும். பொருளின் தரத்தைத் தெரிந்துகொள்வது நுகர்வோர் உரிமை என்று 2019-ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. பிஸ்கட் பாக்கெட்டுக்கு இருக்கிற மரியாதை ஃபோமுக்கும் வரட்டும்.

இரண்டு: வாடகை வண்டியில் ஸீட் மாற்றினால், தீச்சோதனையில் தேறிய ஃபோம் என்பதற்கான பில்லை எஃப்.சி-யின்போது காட்டச் சொல்ல வேண்டும்.

மூன்று, இது வண்டி ஓனர்களுக்கு: முதலில் டிரைவர் ஸீட்டை மாற்றுங்கள். பதினோரு உயிர்களைச் சுமந்துகொண்டு ஓட்டுகிறவர் இடுப்பு வலியோடு நெளிந்துகொண்டிருப்பது உங்கள் வண்டிக்கே நல்லதில்லை.

அரசு செய்யும்போது செய்யட்டும். அதுவரை நாம் ஒன்று செய்யலாம். அடுத்த முறை ஸோஃபாவோ, கார் ஸீட்டோ மாற்றப் போகும்போது, கலர் கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்: “என்ன டென்சிட்டி? பில்லில் எழுதித் தருவீங்களா?” பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் முறைப்பார். நூறு பேர் கேட்டால் எழுதிக் கொடுப்பார்.

அத்தை ஒன்பது கோயிலையும் முடித்துவிட்டார், போர்வையின் புண்ணியத்தில். இறங்கும்போது அந்தப் போர்வையை டிரைவர் தம்பியிடமே கொடுத்துவிட்டு வந்தார். “எனக்கு ரெண்டு நாள்தான். நீ வெச்சுக்கோப்பா” என்றார். அத்தைக்குப் புரிந்தது ஓனருக்கு எப்போது புரியும்?