கித்துல்கலவில் நடக்காத போர்

மார்கழி விடுமுறையில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சிலரைக் கூட்டிக்கொண்டு சிவனொளிபாதமலைக்குப் போய் வந்தோம். கிளிநொச்சியில் இருந்து வாடகைக்கு எடுத்த வான். திரும்பும்போது ஹட்டனில் இருந்து கினிகத்தேனை வழியாக அவிசாவளைப் பக்கம் இறங்கும் வீதியில், கேகாலை மாவட்டத்தின் கித்துல்கலவில் மதியச் சாப்பாட்டுக்காக நிறுத்தினோம். கீழே களனி கங்கை. றப்பர் படகுகளில் தலைக்கவசமும் மிதவை அங்கியும் அணிந்தவர்கள் சுழிகளுக்குள் விழுந்தெழும்பிக் கூச்சலிட்டுக்கொண்டு போனார்கள். சாப்பாட்டுக் கடைச் சுவரில் ஒரு பழைய திரைப்படத்தின் காட்சிகள்: சீருடைக் கைதிகள், ஜப்பானிய அதிகாரி, மரப்பாலம், வெடிப்பு. வீதியோரப் பலகைகளிலும் அதே பாலம். ஆற்றங்கரையில் வழிகாட்டி ஒருவர் பாலத்தின் அடித்தளம் என்று கொங்கிறீட் கட்டைகளைக் காட்டினார்.

எங்களோடு வந்த பதின்மூன்று வயதுப் பையன் என்னிடம் கேட்டான். "மாமா, இங்கையும் சண்டை நடந்ததோ?"

"இல்லையடா, இது படம் எடுத்த இடம்" என்றேன்.

"அப்ப சண்டை எங்க நடந்தது? ஆர் செத்தது?"

அவனுக்கு அன்று ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டு வானில் ஏறிவிட்டேன். முழுப் பதில் ஒரு வரிக்குள் அடங்காது.

ஒரே கதைக்குள் ஒரு இடம்

அவிசாவளையைத் தாண்டிக் கொழும்புப் பக்கம் போனால் ஹங்வெல்லயில் ஒரு நீர்ப் பூங்கா உண்டு. அத்தகைய பூங்காக்கள் உலகெங்கும் ஒரே முறையில்தான் இயங்குகின்றன. கடற்கொள்ளையர் தீவு என்றோ தொலைந்துபோன காட்டு நகரம் என்றோ ஒரு கதையைத் தெரிந்தெடுப்பார்கள். பிறகு வாசற் கதவு, சறுக்கும் குழாய், குப்பைத் தொட்டி, பணியாளரின் சட்டை, ஒலிபெருக்கிப் பாட்டு எல்லாவற்றையும் அந்தக் கதைக்குள் கொண்டுவருவார்கள். நீரைச் சுத்திகரிக்கும் இயந்திரமும் பணியாளர்களின் ஓய்வறையும் சுவருக்குப் பின்னால் மறைந்திருக்கும். இந்த வேலை எவ்வளவு முழுமையாகச் செய்யப்படுகிறதோ அவ்வளவுக்கு வந்தவர் கேள்வி கேட்பது குறையும். அங்கே யாரும் பொய் சொல்வதில்லை. கேள்வி எழக்கூடிய இடைவெளிகளை அடைத்துவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

நீர்ப் பூங்காவில் இதனால் கேடு ஒன்றும் இல்லை. காசு கொடுத்துப் போகிறவருக்கு அது கற்பனை என்று தெரியும். மதில் இல்லாத ஒரு ஊருக்கு, உண்மையில் மனிதர்கள் உழைத்து வாழும் ஒரு ஊருக்கு இதே முறையில் ஒரு கதை போர்த்தப்படும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

படம் சொன்னதும் விட்டதும்

கித்துல்கலவுக்குப் போர்த்தப்பட்ட கதை 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்'. பிரெஞ்சு எழுத்தாளர் பியர் பூல் 1952 இல் வெளியிட்ட நாவலை டேவிட் லீன் படமாக்கினார். யானைகளைக் கொண்டு மரம் இழுத்து, களனி கங்கைக்குக் குறுக்கே பாலம் கட்டி, 1957 இல் ரயிலோடு சேர்த்து அதைத் தகர்த்தார்கள். படம் ஏழு ஒஸ்கார் விருதுகளைப் பெற்றது. அந்த ஊர் இன்றும் அதன் பெயரால் அறியப்படுகிறது.

அந்தக் கதைக்குப் பின்னால் இருப்பது சயாம்–பர்மா ரயில்பாதை. இரண்டாம் உலகப் போரில், தாய்லாந்தின் பான்பொங்கில் இருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை சுமார் 415 கிலோமீற்றர் பாதையை ஜப்பானிய இராணுவம் 1942 இல் தொடங்கி 1943 ஒக்டோபரில் முடித்தது. படத்தில் பாலத்தைக் கட்டுகிறவர்கள் பிரித்தானியக் கைதிகள். உண்மையில் நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் அங்கே வேலை வாங்கப்பட்டார்கள். அவர்களில் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களோ ஒன்றே முக்கால் இலட்சத்துக்கும் அதிகம். பர்மியர், மலாயர், ஜாவானியர், மலாயாவின் இறப்பர் தோட்டங்களில் இருந்து கொண்டுபோகப்பட்ட பல்லாயிரம் தமிழர். இறந்த ஆசியத் தொழிலாளர்களின் தொகையைப் பல கணிப்புகள் 90,000 அளவில் வைக்கின்றன.

கைதிகளிடம் அதிகாரிகள் இருந்தார்கள், மருத்துவர்கள் இருந்தார்கள், ஒளித்து எழுதிய நாட்குறிப்புகள் இருந்தன. கொதித்தாறிய தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும் என்று கட்டுப்பாடு போட ஆள் இருந்தது. கூலி தருவதாக ஆசை காட்டியும் பிடித்து ஏற்றியும் கொண்டுபோகப்பட்ட தமிழர்களுக்கு இவை எதுவும் இல்லை. வாந்திபேதி வந்தபோது குடிசை குடிசையாக இறந்தார்கள். போர் முடிந்தபின் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் காஞ்சனபுரியில் வரிசையாக எழுந்தன. தொழிலாளர்களுக்குக் குழிகள்தான். அப்படியொரு கூட்டுப் புதைகுழி 1990 இல் காஞ்சனபுரியில் தோண்டப்பட்டது. அந்தச் சொல்லின் பொருளை நமது வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

படம் இவர்களைக் கொல்லவில்லை. கதையில் இருந்து விட்டுவிட்டது. ஆனால் படத்தின் பலம் எத்தகையது என்றால், தாய்லாந்தில் உண்மையான பாலம் நின்றது குவாய் என்ற பெயருடைய ஆற்றின் மேல் அல்ல, மேக்லோங் ஆற்றின் மேல். படம் பார்த்துவிட்டு வந்தவர்கள் குவாய் ஆற்றைத் தேடியதால், 1960 இல் ஆற்றின் அந்தப் பகுதிக்கே குவாய் யாய் என்று பெயர் மாற்றினார்கள். கதைக்கு ஏற்றபடி நிலம் திருத்தப்பட்டது.

பாலத்தைச் சுற்றி இருப்பவர்கள்

கித்துல்கலவைச் சுற்றி எட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, தெரணியகலைப் பக்கங்களில் இறப்பர், தேயிலைத் தோட்டங்கள். விடியமுன் பால் வெட்டப் போகிறவர்களில் பலர் தமிழர். திருச்சி போன்ற மாவட்டங்களில் இருந்து கங்காணிமார் ஆள் திரட்டிய காலத்தில் சிலர் இலங்கைக்கு வந்தார்கள், சிலர் மலாயாவுக்குப் போனார்கள். சயாமில் இறந்தவர்களும் களனிக்கரையில் இறப்பர் மரம் சீவியவர்களும் ஒரே ஊர்களின் பிள்ளைகள். அவர்களில் ஒரு பகுதியினரின் சாவுக் கதை, அந்தச் சாவை நீக்கிவிட்டு, மற்றப் பகுதியினரின் வாசலில் வைத்துப் படமாக்கப்பட்டது. படப்பிடிப்பு நடந்தபோது இந்தத் தோட்டங்களில் இருந்தவர்களில் பெரும்பாலானோர் நாடற்றவர்கள். 1948 குடியுரிமைச் சட்டமும் அடுத்து வந்த தேர்தல் சட்டத் திருத்தமும் அவர்களின் வாக்கைப் பறித்து எட்டு, ஒன்பது வருடங்கள் ஆகியிருந்தன.

இன்று படகில் போகிறவர் அவர்களைப் பார்ப்பது பச்சை மலைப் பின்னணியில் ஒரு நிறப்புள்ளியாகத்தான். அந்த ஆற்று நீருக்கும் ஒரு கதை உண்டு. மேலே காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களில் தேக்கி, மின் நிலையங்கள் வழியே விடப்படும் நீர் இது. மவுசாக்கலை நிரம்பியபோது பழைய மஸ்கெலியா நகரம் மூழ்கியது. கடும் வரட்சியில் அதன் பழைய கோயில் இன்னும் வெளியே தெரியும். நான் பார்த்த பலகைகளில் இவை எதுவும் இல்லை. தமிழும் இல்லை.

வன்னிக்கு வந்த வழி

இது மலையகத்தவரின் கதை, நமக்கென்ன என்று யாரும் நினைக்க வேண்டாம். 1977 ஓகஸ்டிலும் 1981 ஓகஸ்டிலும் சப்ரகமுவத் தோட்டங்களில் லயன்கள் எரிக்கப்பட்டன. 1981 இல் இரத்தினபுரி மாவட்டம் மோசமாகப் பாதிக்கப்பட்டது. கையில் அகப்பட்டதோடு வடக்கே வந்தவர்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவில் காடு வெட்டிக் குடியேறினார்கள். காந்தீயம் அமைப்பு அவர்களுக்கு நிலமும் விதையும் தேடிக் கொடுத்தது. அதை நடத்திய மருத்துவர் இராஜசுந்தரம் 1983 யூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். அந்தக் குடியேறிகளும் பிள்ளைகளும்தான் 2009 வரை நம்மோடு ஓடினார்கள், நம்மோடு இறந்தார்கள். என் தாயாரும் இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருந்து வந்தவர். கேள்வி கேட்ட அந்தப் பையனின் அப்பம்மாவும் அப்படியே. அவன் தன் சொந்த வேரின் அருகில் நின்றுகொண்டு, அது யாருடைய இடம் என்று தெரியாமல் கேட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. அங்கே எழுதியிருந்ததை வைத்துத்தான் அவன் கேட்டான்.

போருக்குப் பிறகு இந்த முறையை நாமும் நேரில் பார்த்தோம். கிளிநொச்சியில் சரிந்து கிடந்த நீர்த்தாங்கி காட்சிப் பொருளானது. பக்கத்தில் நினைவுப்பொருள் கடை. தாங்கியை யார் தகர்த்தார்கள் என்று பலகை சொன்னது. அதில் தண்ணீர் குடித்த மக்கள் எங்கே போனார்கள் என்று சொல்லவில்லை. புதுக்குடியிருப்பில் நிலக்கீழ் வீட்டைப் பார்க்கத் தெற்கில் இருந்து பேருந்துகள் வந்தன. பிறகு 2013 ஒக்டோபரில் படையினர் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். கோப்பாயில் துயிலும் இல்லம் இருந்த நிலத்தில் படைத்தலைமையகம் எழுந்தது. நல்ல நோக்கத்தோடு வந்த சிங்களச் சகோதரர்களும் அந்த ஒரே கதையைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அவர்கள் மனதில் கேள்வி எழாததற்கு அவர்களின் குணம் மட்டும் காரணமல்ல. பேருந்து நிறுத்திய இடங்கள் எல்லாம் ஒரே விடையைத்தான் வைத்திருந்தன.

வேறு விதமாகவும் செய்யலாம்

அதற்காகப் படகோட்டத்தை நிறுத்தச் சொல்லவில்லை. கித்துல்கலவில் பல குடும்பங்களுக்கு அதுதான் வருமானம். அங்கே தோட்டத்து இளைஞர்களுக்கும் வேலை கிடைக்க வேண்டும். கேட்பது, கதையில் விட்ட ஆட்களைச் சேருங்கள் என்பதைத்தான்.

அதற்கு முன்மாதிரி உண்டு. கம்பளைக்கு அருகே பழைய பீக்கொக் தோட்டத்தில், சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007 இல் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்தைத் தொடங்கியது. நூறு வருடம் கடந்த லயன் அறைகளே காட்சிக்கூடம். அங்கே போகிறவர் தேயிலையைச் சுவைத்துவிட்டு வருவதில்லை. ஒரு குடும்பம் எவ்வளவு சிறிய அறைக்குள் சமைத்து, பிள்ளை பெற்று, படுத்தது என்பதைக் கண்ணால் கண்டு வருகிறார். மலேசியத் தமிழர்களும் தங்கள் மறதியை எதிர்த்தார்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவல் அந்தத் தொழிலாளர்களை அச்சுக்குக் கொண்டுவந்தது. காஞ்சனபுரியில் இப்போது தமிழர்களுக்கு ஒரு நடுகல் நிற்கிறது.

கித்துல்கலவின் கொங்கிறீட் கட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு பலகை வைக்க அதிக செலவு ஆகாது. மாகாணச் சுற்றுலாத்துறையிடமும் பிரதேச சபையிடமும் மலையகப் பிரதிநிதிகள் இதைக் கேட்கலாம். வடக்கின் பிரதிநிதிகளும் கேட்கலாம், அது நமது மக்களின் கதையும்தான். மூன்று மொழியிலும் இரண்டு வசனம் போதும்: இந்தப் படம் சொல்லும் ரயில்பாதையில் பல்லாயிரம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் இறந்தார்கள், அவர்கள் படத்தில் இல்லை. அவர்களின் உறவுகள் இந்த மலைகளில் இன்னும் பால் வெட்டுகிறார்கள்.

அந்தப் பலகை வரும்வரை, வானில் போகிற நாங்கள்தான் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். நான் அன்று சொல்லாததை ஊர் திரும்பிய பிறகு அவனிடம் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவன் அப்பம்மாவிடம் போய், அவர் பிறந்த தோட்டத்தின் பெயரைக் கேட்டுத் தன் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறான்.